அறுநூறு சிசி புளுகு

புதுச்சேரியில் ட்ராக் பைக் வாங்க வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பதில் தயாராகக் காத்திருக்கிறது: “அறுநூறு சிசி இல்லாம ட்ராக்குக்குப் போய் என்னப்பா பண்ணப் போற? நம்ம ஊர்ல பிஒய் நம்பர்ல பழைய ஃபோர் சிலிண்டர் சல்லிசாக் கிடைக்கும். புடிச்சுப் போடு.” டீக்கடையில் இதைச் சொல்கிறார்கள், மெக்கானிக் ஷெட்டில் சொல்கிறார்கள், கமிஷன் பார்க்கும் புரோக்கர் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டி மரக்காணம் வரை முறுக்கியதையே ட்ராக் அனுபவம் என்று எண்ணிக்கொண்டு பேசும் பேச்சு இது. நேர்சாலையில் முறுக்க வலது மணிக்கட்டு ஒன்று போதும். ட்ராக்கில் அந்த மணிக்கட்டுக்கு வேலை கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் கண்ணுக்கும் இடுப்புக்கும் பிரேக் பிடிக்கும் விரல்களுக்கும் வேலை. முதன்முதலாக ட்ராக்குக்குப் போகிறவர், கையில் அளவான பணம் வைத்திருப்பவர், செகண்ட் ஹேண்டில் தேட வேண்டியது 150 முதல் 300 சிசி வரையிலான, டயரும் பிரேக்கும் சேஸிஸும் ஒழுங்காக இருக்கிற ஒரு வண்டியை. இதை நம்ப மறுப்பவர்களுக்குக் கணக்கைக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

நமக்குப் பக்கத்து ட்ராக் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. அதை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அடுத்தது கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. அது இன்னும் சின்னது. இரண்டிலும் நேரம் கூடுவதும் குறைவதும் வளைவுகளில்தான். ஒரு வளைவின் ஆரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி சாய்ந்து திரும்புகிறவர் அதை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பார். 45 டிகிரி சாயத் தெரிந்தவர் 80 கிலோமீட்டரில் கடப்பார். பிளஸ் டூ இயற்பியல் பாடத்தில் இருக்கிற சூத்திரம் இது: வேகம், ஆரம், புவியீர்ப்பு, சாய்வுக் கோணம் என்று நான்கே சங்கதிகள். வண்டியின் எடை அதில் இல்லை, என்ஜினின் சிசி இல்லை, குதிரைத்திறன் இல்லை. 30 டிகிரிக்கு மேல் சாயப் பயப்படுகிறவர் 150 சிசி-யில் போனாலும் 60, அறுநூறில் போனாலும் 60. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் பெரிய வண்டிக்குச் சற்றுப் பாதகமே. பின்டயர் அகலமாக இருப்பதால் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும். 60-க்கும் 80-க்கும் நடுவே இருக்கிற அந்த 20 கிலோமீட்டரைக் கடையில் விற்பதில்லை. அது திரும்பத் திரும்ப ஓட்டித்தான் வரும். ஓட்டிப் பழக, பயமில்லாமல் சாய்க்கக்கூடிய வண்டி வேண்டும்.

வளைவுக்கு முன்னால் பிரேக் இருக்கிறது. அங்கே கணக்கு இன்னும் கொடூரம். யமஹா ஆர்15 போன்ற வண்டி சுமார் 137 கிலோ. கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர் போன்ற நாலு சிலிண்டர் வண்டி 196 கிலோ. ஓட்டுபவர் 75 கிலோ. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்குச் சின்ன வண்டி 130-இல் வருகிறது, பெரியது 195-இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எடையையும் சேர்த்தால் பெரிய வண்டியில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.9 மடங்கு. அந்தச் சூடு முழுவதும் டிஸ்க்கிலும் பேடிலும் பிரேக் ஆயிலிலும் முன்டயரிலும்தான் இறங்குகிறது. கணநேரம் தாமதித்தால், சின்ன வண்டியில் போனவர் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போய்த் திரும்பி வருவார். பெரிய வண்டிக்காரர் சரளையில் தரை தேய்ப்பார். ஆக்சிலேட்டரும் அப்படித்தான். 17 குதிரைத்திறன் ஆர்15-இல் வளைவு முடிந்ததும் முழுக்கத் திறக்கலாம். எங்கே திறப்பது, எப்போது மூடுவது என்பது ஒரே நாளில் நூறு முறை பழக்கமாகும். 130 குதிரைத்திறன் வண்டியில் புதியவர் முழுக்கத் திறக்கும் தருணம் நாள் முழுக்க இரண்டோ மூன்றோ, அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. கற்றுக்கொள்ளத்தான் ட்ராக்குக்குப் போகிறோம் என்றால், அதிகம் கற்றுத்தருவது எது?

சொல்வது காகிதக் கணக்கு என்று ஒதுக்குகிறவர்கள், பந்தயக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கட்டும். தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் 165 சிசி பிரிவு ஒன்று இருக்கிறது. பந்தயம் தொழிலாக உள்ளவர்கள் அதில் மோதுகிறார்கள். ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் நடத்தும் ஒன்-மேக் பந்தயத்தில் புதியவர்களுக்கும் பெண்களுக்கும் தருவது அப்பாச்சி ஆர்டிஆர் 200. ஹோண்டாவின் டேலன்ட் கப்பில் சிறுவர்களை முதலில் சிபிஆர்150ஆர் மேல் ஏற்றினார்கள். பிறகு பந்தயத்துக்கென்றே செய்த என்எஸ்எஃப்250ஆர் வந்தது. அதுவும் ஒற்றை சிலிண்டர், 250 சிசி. உலக அளவில் மோட்டோ3 பிரிவும் ஒற்றை சிலிண்டர் 250-தான். வாலன்டினோ ராஸி 1996-இல் உலகப் பந்தயத்துக்குள் நுழைந்தது 125 சிசி வண்டியில். மார்க் மார்க்கெஸ் 2010-இல் வென்ற முதல் உலகப் பட்டமும் 125 சிசி-யில். இவர்களுக்கெல்லாம் போதுமாக இருந்த என்ஜின், நம் லாஸ்பேட்டை தம்பிக்குப் போதாதாம்.

பணத்துக்கு வருவோம். சல்லிசாகக் கிடைக்கிறது என்பது வாங்கும் நாளன்று மட்டும் உண்மை. ட்ராக் பைக்கின் விலை இரண்டு வகை: வாங்கும் விலை ஒன்று, ஓட்டும் விலை ஒன்று. ஓட்டும் விலையில் முதலிடம் டயருக்கு. சின்ன வண்டிக்கான 17 அங்குல டயர்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். நம் மாநிலத்தில் நெட்டப்பாக்கத்தை அடுத்த எரிப்பாக்கத்திலேயே எம்ஆர்எஃப் தொழிற்சாலை ஓடுகிறது. மதுரையில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா இருக்கிறது. பிடிப்புள்ள டயருக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. நாலு சிலிண்டர் வண்டியின் அகலமான பின்டயர் விலையில் பல மடங்கு, ஆயுளில் ஒரு பங்கு. அடுத்தது கீழே விழும் செலவு. ட்ராக்கில் விழுவது எல்லோருக்கும் ஒருநாள் உண்டு. சின்ன வண்டி சறுக்கி விழுந்தால் ஹேண்டில், லீவர், ஃபுட்ரெஸ்ட், கொஞ்சம் பிளாஸ்டிக். அண்ணா சாலையில் ஒரு மாலைப் பொழுதில் தேடி வாங்கிவிடலாம். விற்பனை நிறுத்தப்பட்ட பழைய பெரிய வண்டிக்கு ஒரு ரேடியேட்டரோ என்ஜின் கவரோ வேண்டுமென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் ட்ராக் சீசன் முடிந்துவிடும், வண்டி போர்வை போர்த்திக்கொண்டு மாடிப்படிக்கடியில் நிற்கும்.

எதிர்ப்புகள் வரும், தெரியும். முதலாவது: நேர்கோட்டில் பெரிய வண்டிகள் சர்ரென்று தாண்டிப் போகுமே, அது ஆபத்தில்லையா? தாண்டிப் போகும், மறுக்கவில்லை. அதற்காகத்தான் ட்ராக் டே நடத்துபவர்கள் அனுபவத்தைப் பார்த்துக் குழு பிரிக்கிறார்கள். புதியவர் குழுவில் எங்கே முந்தலாம், எங்கே கூடாது என்று காலையிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒரே கோட்டில் சீராகப் போகிற சின்ன வண்டியைத் தாண்டுவது சுலபம். எங்கே பிரேக் பிடிப்பார், எங்கே திறப்பார் என்று யாராலும் ஊகிக்க முடியாத பெரிய வண்டிக்காரரே பின்னால் வருகிறவருக்கு எமன். இரண்டாவது எதிர்ப்பு: சீக்கிரமே அலுத்துவிடும், பிறகு இரண்டாம் செலவு. அலுக்கட்டும். இரண்டு வருடம் கசக்கி ஓட்டிய ஆர்15-ஐ வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே விற்கலாம். எப்போதும் ஆள் இருக்கிறது. கீழே போட்ட அறுநூறை வாங்க ஆள் தேட வேண்டும். மூன்றாவது எதிர்ப்பில் மட்டும் நியாயம் உண்டு: ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ இருப்பவர் 150 சிசி-யில் மடங்கி உட்கார்ந்தால் முட்டி வலிதான் மிஞ்சும். அவர்களுக்கு 25 குதிரைத்திறன் கேடிஎம் ஆர்சி 200 அல்லது 2017 டிசம்பரில் வந்த 34 குதிரைத்திறன் அப்பாச்சி ஆர்ஆர் 310 பொருந்தும். ஆர்சி 390 வரை போகலாம். அதற்கு மேல் முதல் வண்டியாக வேண்டாம்.

இனி, அந்தப் பேச்சின் மறுபாதி: புதுச்சேரிப் பதிவான “பிஒய் நம்பர் சல்லிசு” என்பது. புதுச்சேரியில் சாலை வரி வெகுகாலமாகக் குறைவு என்பது உண்மை. அதனால்தான் வெளிமாநிலத்துக்காரர்கள் இங்கே முகவரி காட்டிச் சொகுசு வாகனங்களைப் பதிவு செய்தார்கள்; 2017-இல் கேரளத்தில் நடிகர்கள் வரைக்கும் வழக்கு போனது. இந்த வரலாறு உள்ள ஊரில் பெரிய வண்டி ஒன்று மலிவாக வருகிறதென்றால், முதலில் கேட்க வேண்டியது ஏன் மலிவு என்பதே. “ட்ராக்ல ஓட்டற வண்டிக்கு பேப்பர் எதுக்கு, குட்டி யானைல ஏத்திக்கிட்டுப் போயிடலாம்” என்று ஒரு துணைப்பொய்யும் உலவுகிறது. பொதுச்சாலையில் ஓட்டாத வண்டிக்கு இன்சூரன்ஸ் வேண்டாம் என்று வாதாடலாம். உரிமை வேண்டாம் என்று வாதாட முடியாது. ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரையும் வண்டியின் ஹேண்டில் கழுத்தில் பொறித்த நம்பரையும் டார்ச் அடித்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்து ஏறியிறங்கி இருந்தாலோ, சுற்றிலும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ கிளம்பிவிடுங்கள். கடனில் வாங்கிய வண்டியென்றால், கடன் தீர்ந்து ஹெச்பி என்கிற அடமானக் குறிப்பு கேன்சல் ஆகியிருக்க வேண்டும். 29, 30-ஆம் படிவங்களில் விற்பவர் கையெழுத்து வேண்டும். திருட்டு வண்டியைக் குட்டி யானையில் ஏற்றினாலும் திண்டிவனம் சோதனையில் அது திருட்டு வண்டிதான்.

சில்லறைப் புளுகுகளுக்கு நீளமான மரியாதை தேவையில்லை. “கிலோமீட்டர் கம்மி, அதனால நல்ல வண்டி” என்பது கடலோர ஊரில் பாதி பொய். குருசுக்குப்பத்திலோ வைத்திக்குப்பத்திலோ மூன்று வருடம் வாசலில் நின்ற வண்டி 6,000 கிலோமீட்டர்தான் காட்டும். உப்புக்காற்று அதன் மீது ஓடிய தூரத்தை எந்த மீட்டரும் காட்டாது. முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில், ஆயில் சீலுக்குச் சற்று மேலே, நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே துருக்குழி. அந்தக் குழி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சீலைக் கிழிக்கும், எண்ணெய் கசிந்து பிரேக் டிஸ்க்கில் படும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் பாக்கி இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார். ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும். தினமும் வேலைக்குப் போய், நேரத்துக்கு ஆயில் மாற்றிய 30,000 கிலோமீட்டர் வண்டி இதைவிட எத்தனையோ மேல்.

“ஆர்எக்ஸ் 100-க்கு நிகர் உண்டா?” ஞாபகத்துக்கு நிகரில்லை, பிரேக்குக்கு எல்லாமே நிகர். முன்னால் டிரம் பிரேக், 98 சிசி, உற்பத்தி நின்றது 1996-இல். பழம்பொருள் மோகத்தில் விலையும் ஏறிக் கிடக்கிறது. “சைலன்ஸர் மாத்துனா பிக்கப் வரும்.” சத்தம் வரும். “பின்டயரை அகலமாப் போட்டா பிடிப்பு.” ரிம்முக்குப் பொருந்தாத டயர் நடுவில் உருண்டு நிற்கும், வண்டி சாய மறுக்கும். “ரேஸ் ஓடின வண்டி செத்த வண்டி.” எப்போதும் இல்லை, பந்தய வண்டியை அடிக்கடி பிரித்துப் பூட்டுகிறார்கள், கணக்குப் புத்தகம் இருந்தால் அது சாலை வண்டியைவிட நல்ல பேரம். “இன்சூரன்ஸ் இருக்கு, ட்ராக்ல விழுந்தா க்ளைம் பண்ணிக்கலாம்.” பாலிசியைத் திருப்பிப் படியுங்கள், பந்தயத்துக்கும் வேகப் பரிசோதனைக்கும் பொருந்தாது என்று அச்சடித்தே தருகிறார்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? ஒரு லட்ச ரூபாய் கையில் இருந்தால் அறுபதாயிரத்துக்கு மேல் வண்டிக்குப் போகக் கூடாது. மிச்சம் டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், செயின் ஸ்ப்ராக்கெட், உடம்பில் போடும் கவசம். 2011-இல் வந்த ஆர்15 இரண்டாம் பதிப்பு இந்தப் பணத்துக்கு முதல் தேர்வு. பின்டயர் அகலமானது, அலுமினிய ஸ்விங் ஆர்ம் நீளமானது. கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பு: 155 சிசி, கியரைப் படபடவென்று இறக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச். பார்க்கப் போகும்போது முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி அதைச் சுற்றிவிடுங்கள், ரிம் ஆடுகிறதா பாருங்கள். ஹேண்டிலை நடுவிலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் போய்விட்டது. இரண்டு முழு லாக்கிலும் ஹேண்டில் டாங்கிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று விரலால் அளந்து பாருங்கள். என்ஜின் போனால் மாற்றலாம். சேஸிஸ் வளைந்த வண்டியை ட்ராக்கில் 30 டிகிரி சாய்ப்பது சூதாட்டம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். வண்டிக்கு லட்சம் செலவழிப்பவர் தலைக்கு ஆயிரம் செலவழிக்கக் கணக்குப் பார்க்கும் ஊர் இது. 2019 பிப்ரவரியில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது நகரமே இரண்டுபட்டது. ராஜ் நிவாஸ் வாசலில் அப்போதைய முதலமைச்சர் தர்ணா உட்கார்ந்ததன் காரணங்களில் ஹெல்மெட்டும் ஒன்று. தாடையை மூடாத ஹெல்மெட்டோடு எந்த ட்ராக்கிலும் உள்ளே விடமாட்டார்கள். தோல் உடை, கணுக்கால் மூடும் பூட்ஸ், கையுறை எல்லாம் வாசலிலேயே பரிசோதனை. ஆகவே முதலில் ஹெல்மெட் வாங்குங்கள், பிறகு வண்டி தேடுங்கள். ட்ராக்குக்குப் போகும்வரை எங்கே பழகுவது என்ற கேள்வியும் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் கடற்கரைச் சாலை மாலையில் வண்டிகளுக்கு மூடப்படுகிறது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முறுக்குவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு பொதுச்சாலைப் பந்தயத்தையே தடுக்கிறது. இளைஞர்களைத் திட்டிவிட்டு இடம் தராமல் இருப்பது என்ன நியாயம்? இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் மெட்ராஸ்காரர்கள் பந்தயம் விட்டது சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில். யாருக்கும் பயன்படாமல் கிடந்த தளம் அது. ஏஎஃப்டி பஞ்சாலை மூடிய பிறகு நம்மிடமும் அதன் மைதானம் இருக்கிறது. பொருட்காட்சிக்குக் கொடுக்கிறோம், பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது பேருந்துகளுக்கே கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் ஒன்பது வரை, நாற்பது பிளாஸ்டிக் கூம்புகள், ஓர் ஆம்புலன்ஸ், வண்டிகளைச் சோதித்து உள்ளே விட ஒரு மெக்கானிக். 40 கிலோமீட்டர் வேகத்தில் எட்டுப் போட்டுப் பழகுவதற்கு அவ்வளவுதான் வேண்டும். அந்தக் கூம்புகளுக்கு நடுவே அறுநூறு சிசி-யைக் கொண்டுவந்து ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும் அந்தப் புரோக்கர்.